வேடிக்கை பார்த்தலும் சாக்கும்: ஒரு தெருமுனை ஆய்வு

கொத்தமல்லி வாங்கப் போனவர் திரும்பிவர 55 நிமிடம் ஆனது ஏன் என்ற வினாவிலிருந்து இவ்வாய்வு பிறந்தது. வினாவை எழுப்பியவர் ஆய்வாளரின் துணைவியார். கடைக்குப் போக வர வழக்கமாக 8 நிமிடம், பேரத்துக்கு 2. எஞ்சிய 45 நிமிடங்களுக்குக் கணக்குக் காட்ட இயலவில்லை. அவ்வளவு நேரமும் ஆய்வாளர் தெருமுனையில் குழாய் பதிக்கக் குழி தோண்டிய ஜேசிபியை வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றார் என்பதே உண்மை.

முதலில் சொல்லாராய்ச்சி, அதுதான் மரபு. வேடிக்கை பார்த்தலுக்குப் பராக்குப் பார்த்தல் என்றும் பெயர். பராக்கு என்றால் கவனம் பிசகுதல். அதற்காகவே வகுப்பறைகளில் காதுகள் திருகப்பட்டன. ஆனால் அரசவையில் கட்டியக்காரன் ‘பராக், பராக்’ என்று கூவினால் ‘கவனம்’ என்று பொருள். ஒரே சொல் கவனத்தையும் கவனமின்மையையும் சுட்டுவதை முரண் என்று சிலர் சொல்லக்கூடும். ஆய்வாளர் உடன்படவில்லை. கரும்பலகையைக் கைவிட்ட பையன் ஜன்னலுக்கு வெளியே தலையாட்டிய ஓணான்மீது முழுக் கவனத்தோடுதான் இருந்தான். வாத்தியார் பார்த்தது பாதியை.

அடுத்து, கோட்பாடு. தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் எட்டு என்கிறார். அவற்றுள் மருட்கை, அதாவது வியப்பு, புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்ற நான்கிடத்தில் பிறக்கும். அவர் காலத்தில் ஜேசிபி கிடையாது. ஜோசப் சிரில் பேம்ஃபோர்டு என்ற ஆங்கிலேயர் 1945-இல்தான் தொழிலைத் தொடங்கினார்; அவர் பெயரின் முதலெழுத்துகளே ஜேசிபி. (எந்தக் கம்பெனி வண்டியானாலும், மஞ்சளாக இருந்து மண் அள்ளினால் நமக்கு அது ஜேசிபிதான்.) இருந்தும் இலக்கணம் அச்சுப் பிசகாமல் பொருந்துகிறது.

புதுமை: வண்டியை முன்னோக்கி ஓட்டிவந்த ஆபரேட்டர், இருக்கையை அப்படியே பின்பக்கம் திருப்பிக்கொண்டு வேலையைத் தொடங்குகிறார். 32 ஆண்டுகள் சுழல் நாற்காலியில் அமர்ந்தும் ஒரே திசையைப் பார்த்த ஆய்வாளருக்கு இது பெரும் அதிர்ச்சி. பெருமை: இரண்டு இரும்புக் கால்களை ஊன்றி, அத்தனை பெரிய வண்டி பின்சக்கரங்களைத் தரையிலிருந்து தூக்கிக்கொள்வது. சிறுமை: அந்த ராட்சதக் கையை ஆட்டுவிப்பது ஆபரேட்டரின் விரலசைவு. குறுக்கே வந்த பழைய தண்ணீர்க் குழாயை, மீன் தின்பவர் நாக்கால் முள்ளை ஒதுக்குவதுபோல, பக்கெட்டின் பல் படாமல் ஒதுக்கினார். நின்றிருந்தவர்கள் மூச்சு விட்டது கேட்டது.

ஆக்கம் என்பது ஒன்று இன்னொன்றாதல். தெரு குழியானது என்று மேலோட்டமாகச் சொல்லிவிடலாம். குழியின் சுவரைப் பார்த்தவர்களுக்கே விஷயம் தெரியும். மேலே தார், அதன் கீழே பழைய தார், அதற்கும் கீழே அதைவிடப் பழைய தார், பிறகு ஜல்லி, பிறகு செம்மண். ஒவ்வொரு முறையும் சுரண்டாமல் மேலேயே போட்ட சாலை. எங்கள் வீட்டு வாசற்படி மூன்றிலிருந்து ஒன்றானதன் வரலாறு அங்கே அடுக்கடுக்காக இருந்தது. அத்தனை வருடமும் வீடு இறங்கிவிட்டது என்றே நினைத்திருந்தேன்.

இனிக் களத்தில் இருந்தோர். பெரியவர்கள் 11 பேர்; ஒருவர்கூட வெறுங்கையோடு நிற்கவில்லை. ஒருவர் கையில் பால் பாக்கெட். ஒருவர் காதில் செல்போன், எதிர்முனையில் யாரும் இல்லை. ஒருவர் நாய் பிடித்திருந்தார். நாய்க்கு ஆர்வம் போய் வெகுநேரமாகியிருந்தது. ஓய்வு பெற்ற ஒருவர், “இன்னும் ரைட்ல வெட்டுப்பா” என்று மேஸ்திரி வேலை பார்த்தார். ஆய்வாளர் கையில் மஞ்சள் பை. சாக்கு என்ற சொல்லுக்குத் தமிழில் கோணிப்பை என்றும் பொய்க்காரணம் என்றும் இரு பொருள் இருப்பது தற்செயலாக இருக்க முடியாது. வயது வந்தவர் சாக்கில்லாமல் நின்று பார்த்தால் ‘உடம்புக்கு என்ன?’ என்பார்கள்.

சாக்கின்றி நின்றது ஒருவன் மட்டுமே. வயது நான்கு இருக்கும். “பாட்டி, அது மண்ண சாப்பிடலயே, துப்பிடுச்சே?” என்றான். “அதுக்குப் பிடிக்கலடா கண்ணு” என்றார் பாட்டி. இதைவிடத் தெளிவான வாய்மொழித் தேர்வை ஆய்வாளர் எந்தப் பல்கலைக்கழகத்திலும் கண்டதில்லை.

அயல்நாட்டுச் சான்றுகள் இரண்டு. இத்தாலியின் போலோன்யாவில், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கட்டட வேலையை வேடிக்கை பார்க்கும் முதியவருக்கு ‘உமரெல்’ என்று பெயர். அவ்வூர்ப் பேச்சில் சின்ன மனிதன். 2021-இல் அச்சொல் ஒரு பெரிய இத்தாலிய அகராதியிலேயே ஏறிவிட்டது. நியூயார்க்கில் ராக்ஃபெல்லர் மையம் எழும்பியபோது, 1938-இல், வேடிக்கை பார்ப்போருக்கென்று மேடை போட்டு, சங்கம் வைத்து, உறுப்பினர் அட்டையும் கொடுத்தார்கள். அட்டையும் ஒரு சாக்குதானே என்பது ஆய்வாளரின் கசப்பு.

உள்ளூர்ச் சான்று வலுவானது. 1921-இல் இங்கிலாந்திலிருந்து கப்பலில் திரும்பிய 32 வயதுக்காரர் ஒருவர் மத்தியதரைக் கடலை வேடிக்கை பார்த்தார். இது ஏன் நீலம்? வானத்தின் பிரதிபலிப்பு என்று ராலே பிரபு முன்பே சொல்லிவிட்டார். பெரியவர் சொன்ன பிறகு கேள்வி எதற்கு? இவர் ஒரு நிக்கோல் பட்டகத்தின் வழியே பிரதிபலிப்பை மறைத்துவிட்டுப் பார்த்தார். கடல் அப்போதும் நீலமாகவே இருந்தது. அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு ஒளிச்சிதறலில் இறங்கிய சி.வி. ராமனுக்கு 1928 பிப்ரவரி 28-இல் ராமன் விளைவு அகப்பட்டது. 1930-இல் நோபல் பரிசு.

இச்சான்றைத் துணைவியாரிடம் சமர்ப்பித்தபோது அவர் எழுப்பிய மறுப்பு: “அவருக்கு நோபல் வந்துச்சு. உங்களுக்குக் கொத்தமல்லியே வரலயே?” பையைப் பார்த்தேன். காலியாக இருந்தது. இம்மறுப்புக்கு ஆய்வாளரிடம் இன்றுவரை விடையில்லை.

மறுநாள் காலை, குழியில் குழாயை இறக்கப் போவதாகப் பால்காரர் தகவல் சொன்னார். செருப்பை மாட்டினேன். “பைய விட்டுட்டுப் போறீங்க?” என்றார் துணைவியார். “கடைக்குப் போகல. குழாய் இறக்கறதப் பாக்கப் போறேன்” என்றேன். முதன்முறையாகச் சொன்னதால் குரல் கொஞ்சம் கம்மியது. அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு அடுப்பைச் சிறிதாக்கி, யோசித்து, அணைத்தே விட்டு, கூடவே வந்தார். கையில் பை இருந்தது. முதல்தடவைதானே.