பொருளாளர் அக்காவின் கொப்பி

இறுதியாண்டில் உயர்நிலை மென்பொருள் பொறியியல் பாடத்துக்கு நான் எழுதிய குறிப்புக் கொப்பி இன்னும் என்னிடம் இருக்கிறது. முதற்பக்கத்தில் ஒரு பாலம் வரைந்து வைத்திருக்கிறேன். ஓட்டமாவடிப் பாலம். அந்த நாளில் ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் அந்த ஒரே பாலம்தான். ரயில் வரும் நேரம் கேற்றைப் போட்டுவிடுவார்கள்; பஸ், சைக்கிள், மாட்டுவண்டி எல்லாம் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும். ஒரே தரவை இரண்டு நிரல்கள் ஒரே நேரத்தில் தொட வந்தால் ஒன்று மற்றதற்கு வழிவிட்டு நிற்க வேண்டும் என்பதை எங்கள் விரிவுரையாளர் அந்தக் கேற்றை வைத்தே விளங்கப்படுத்தினார். வகுப்பில் கல்குடா, வாழைச்சேனைப் பிள்ளைகளுக்கு அது ஒரு சொல்லில் விளங்கியது. எத்தனை தரம் வெயிலில் காத்து நின்றிருப்போம்! இப்போது அங்கே பஸ்ஸுக்குத் தனிப்பாலம் இருக்கிறது. நிரல்களுக்கிடையிலான பூட்டுப் பற்றி எங்கே வாசித்தாலும் எனக்கு அந்தப் பழைய கேற்தான் கண்ணில் நிற்கும்.

கல்குடாவிலிருந்து வாழைச்சேனை, கிரான், சித்தாண்டி என்று போய் வந்தாறுமூலையில் இறங்க வேண்டும். சோதனைச்சாவடிகளில் இறங்கி நடந்து மறுபடி ஏறுவதைப் பொறுத்துப் பயண நேரம் கூடும், குறையும். 2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை வந்த பிறகுதான் நேரத்துக்கு வகுப்புக்குப் போய்ச் சேர்வது பழக்கமானது.

கிழக்குப் பல்கலைக்கழகம் 1981 ஓகஸ்ற் 1ஆம் திகதி, வந்தாறுமூலை மத்திய மகா வித்தியாலயக் கட்டடங்களில், மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கியது. 1986 ஒக்ரோபர் 1ஆம் திகதி பல்கலைக்கழகம் ஆனது. 1990இல் அந்த வளாகமே அகதி முகாம். அந்த வருடம் செப்ரெம்பர் 5ஆம் திகதி அங்கே தஞ்சமடைந்திருந்தவர்களில் 158 பேரை இராணுவம் பிடித்துக்கொண்டு போனது. அவர்கள் திரும்பி வரவில்லை. நாங்கள் வகுப்புக்கு நடந்த அதே மரங்களுக்குக் கீழேதான் அந்தச் சனம் சமைத்துப் படுத்திருந்தது. ஒரு பெயர்ப் பட்டியல் எங்கள் பக்கத்தில் எவ்வளவு பாரமான பொருள் என்பதை நான் அந்த இடத்திலேயே படித்திருக்க வேண்டும். படிக்க எனக்கு இன்னும் கொஞ்சக் காலம் எடுத்தது.

பாடம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. 1968இல் ஜேர்மனியின் கார்மிஷ் நகரில் நேட்டோ கூட்டிய மாநாட்டிலிருந்து விரிவுரையாளர் தொடங்கினார். நிரல்கள் பெருத்துவிட்டன, சொன்ன நாளில் முடிவதில்லை, முடிந்தாலும் நம்ப முடிவதில்லை என்று உலகத்து வல்லுநர்கள் கூடி ஒத்துக்கொண்ட மாநாடு அது. 1970இல் வின்ஸ்டன் ரொய்ஸ் எழுதிய கட்டுரை வந்தது. அருவி போலப் படிப்படியாக இறங்கும் முறையை அவர்தான் வகுத்தார் என்று எல்லோரும் சொல்வார்கள்; அதை அப்படியே பின்பற்றினால் ஆபத்து என்று அதே கட்டுரையில் அவர் எழுதியிருப்பதை எங்களுக்கு வாசித்துக் காட்டினார்கள். பிந்திப்போன வேலைக்கு ஆள் சேர்த்தால் அது இன்னும் பிந்தும் என்ற பிரெட் புரூக்ஸின் 1975ஆம் ஆண்டுப் புத்தகம் போட்டோக் கொப்பியாகக் கைமாறியது. 1996 ஜூன் 4ஆம் திகதி ஏரியான் 5 ராக்கெட் கிளம்பி ஏறத்தாழ 37 விநாடிகளில் தடம் மாறிச் சிதறிய கதைக்கு ஒரு முழு வகுப்பு. ஏரியான் 4இல் பிழையில்லாமல் ஓடிய நிரலைப் புதிய ராக்கெட்டிலும் அப்படியே வைத்தார்கள். புதியது வேகமானது, அதன் எண் பழைய பெட்டிக்குள் அடங்கவில்லை. ஓரிடத்தில் சரியாக ஓடியது இன்னோரிடத்தில் ஏன் ஓடாது என்று அன்று நிறையக் கதைத்தோம். மின்சாரம் இல்லாத நேரங்களில் வரைபடங்களைக் கரும்பலகையில் வரைந்தோம்.

இறுதியாண்டுத் திட்டத்துக்கு எங்கள் ஊர்க் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றைத் தெரிவுசெய்தேன். உறுப்பினர் விவரம், சேமிப்பு, வலைக்கும் இயந்திரத்துக்கும் எடுத்த கடன், திருப்பிக் கட்டிய தவணை. எல்லாம் சி.ஆர். கொப்பிகளில் இருந்தன. விஷுவல் பேசிக் 6இல் திரைகளைச் செய்து, மைக்ரோசொப்ட் அக்சஸில் தரவை வைத்தேன். சங்கத்தின் பொருளாளர் ஒரு அக்கா. கரைவலைக் குடும்பத்தில் பிறந்து, அந்தக் கணக்குகளைப் பத்து வருடத்துக்கு மேலாகத் தன் கையால் எழுதி வந்தவர். முதல் நாள் பட்டியலை அச்செடுத்துக் கொடுத்தேன். மேலும் கீழும் பார்த்தார்.

“இது என்ன வரிசை மனே? ‘அ’வுக்கு முன்னால ‘க’ வருது. ‘ய’ எல்லாத்துக்கும் முன்னால நிக்குது.”

காரணம் எனக்குத் தெரியும். பெயர்களைப் பாமினி எழுத்துருவில் அடித்திருந்தேன். அப்போது எங்கள் பக்கத்தில் தமிழில் தட்டெழுதிய எல்லோர் கையிலும் பாமினிதான். அது ஆங்கில எழுத்துகளின் மேல் தமிழ் உருவத்தைப் போர்த்தி வைக்கும். ‘தமிழ்’ என்று திரையில் தெரிவது கணினிக்கு ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. ‘ய’ ஆங்கிலத்தின் முதல் எழுத்தில் உட்கார்ந்திருந்தது, ‘க’ எஃபில், ‘அ’ எம்மில். வரிசைப்படுத்து என்றால் கணினி ஆங்கில வரிசையில்தான் அடுக்கும். ‘ம’ சிறிய கே, ‘மு’ பெரிய கே. அக்சஸ் இரண்டையும் ஒன்றாகவே பார்ப்பதால் ஒரு பெயரைத் தேடினால் வேறு பெயரும் சேர்ந்து வந்தது. யுனிகோட் அப்போதே இருந்தது. ஆனால் விஷுவல் பேசிக் 6இன் பெட்டிகள் அதைக் காட்டா. அது எழுத்துருப் பிரச்சினை அக்கா, ஒன்றும் செய்ய ஏலாது என்று சொன்னேன். அவர் தலையாட்டினார். மறுகா இன்னொன்று கேட்டார்.

“கரண்ட் போனா இது என்ன செய்யும்?”

கரண்ட் வந்ததும் திரும்ப வேலை செய்யும் என்றேன். தரவு அழியாமலிருக்க வெள்ளிக்கிழமை தோறும் புளொப்பி டிஸ்கில் பிரதி எடுக்க வேண்டும் என்று பாவனையாளர் கையேட்டில் தெளிவாக எழுதிக் கொடுத்தேன். அக்கா கையேட்டில் சொன்னபடி வெள்ளி தவறாமல் பிரதி எடுத்தார். ஆனால் தன் கொப்பியை எழுதுவதை நிறுத்தவில்லை. இரட்டை வேலை வேண்டாம் என்று நான் இரண்டு தரம் சொன்னேன். திட்டத்துக்கு நல்ல புள்ளி கிடைத்தது.

2004 டிசெம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, போயா நாள். சுனாமி வந்த அந்தக் காலையைப் பற்றி எழுத எனக்கு இப்போதும் கை வராது. சங்கக் கட்டடம் கடற்கரையில் இருந்தது. அத்திவாரமும் படியும் மிஞ்சின. கணினி போனது. புளொப்பிகளும் போயின. அவற்றைக் கணினிக்குப் பக்கத்து அலுமாரியில் அடுக்கி வைத்திருந்தார்கள். எங்கே வைக்க வேண்டும் என்று கையேட்டில் நான் எழுதியிருக்கவில்லை. என்னிடம் இருந்த சீடியில் சோதனைக்காகப் போட்ட இருபது பெயர்கள் மட்டும்.

அக்கா கொப்பியை வெள்ளி பின்னேரம் வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தார். வீடு ரயில் பாதைக்கு அங்கால். நாலாம் நாள் பாடசாலை முகாமில் அவரைக் கண்டேன். மாணவர் மேசையொன்றில் கொப்பியை விரித்து வைத்து, ஒவ்வொரு பெயராக வாசித்துக்கொண்டிருந்தார். இருக்கிறவர்களுக்கு ஒரு சரி. தெரியாதவர்களுக்குப் புள்ளி. சில பெயர்களுக்கு நேரே ஒன்றும் போடாமல் விரலை வைத்துக்கொண்டு கொஞ்சம் நிற்பார். யாருக்கு எத்தனை வலை, எந்த இயந்திரம், எவ்வளவு சேமிப்பு என்பதற்கு மிஞ்சிய ஒரே சாட்சி அதுதான். நிவாரணப் பதிவுக்கு வந்தவர்களும் அதைப் பார்த்துத்தான் எழுதினார்கள். அக்கா என்னிடம் கணினியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. “இரு மனே, இந்தப் பக்கத்தை வாசி” என்று கொப்பியை என் பக்கம் திருப்பினார். அன்று பின்னேரம் வரை வாசித்தேன்.

அதே கிழமைகளில் கொழும்பில் லங்கா சொஃப்ட்வெயார் பவுண்டேஷனைச் சுற்றிச் சேர்ந்த தொண்டர்கள் ‘சஹானா’ என்ற மென்பொருளை எழுதிக்கொண்டிருந்தார்கள் என்பது எனக்குப் பிந்தித்தான் தெரிந்தது. சிங்களத்தில் அந்தச் சொல்லுக்கு நிவாரணம் என்று பொருள். காணாமற்போனோர் பதிவேடு, முகாம்களின் பதிவேடு, எந்த முகாமுக்கு என்ன தேவை, எந்த அமைப்பிடம் என்ன இருக்கிறது என்ற பதிவேடு. அக்காவின் மேசையில் நடந்ததுதான், நாடு முழுவதற்குமாக. திறந்த மூலமாக விட்டதால் 2005இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்துக்கும் 2010இல் ஹெய்ட்டிக்கும் அது போனது. 2006இல் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் சமூக நலனுக்கான விருது பெற்றது. இலங்கையில் எழுதப்பட்ட மென்பொருள்களில் நான் மிகவும் மதிப்பது அதையே. அதன் நிரலை வரி வரியாக வாசித்தேன். பட்டம் வாங்கிய பிறகு நான் படித்த பாடம் அது.

இன்று என் மருமகள் அதே வந்தாறுமூலையில் அதே பாடம் படிக்கிறாள். சோதனைச்சாவடி இல்லாத பாதையில் போய் வருகிறாள். பாசிக்குடாவில் வரிசையாக ஹோட்டல்கள். அறைகள் உலகத்தின் மறுகோடியிலிருந்து பதிவாகின்றன. அவளுடைய லப்டொப்பில் ‘கிட்’ இருக்கிறது. லினஸ் டோர்வால்ட்ஸ் அதை 2005இல், என் திட்டம் கடலோடு போன அடுத்த வருடம், எழுதினார். எந்த வரியை யார், எப்போது, ஏன் மாற்றினார்கள் என்பது முழுதாக அதில் நிற்கும். அவள் வேலையின் பிரதி வேறு வேறு நாடுகளில் கிடக்கிறது. நாங்கள் ஒரு மாதம் எடுத்து எழுதிய திரைகளைச் செயற்கை நுண்ணறிவு அவளுக்கு ஒரு பின்னேரத்தில் எழுதிக் கொடுக்கிறது. எனக்கு அதில் மனக்குறை இல்லை. மிச்சமாகும் நேரத்தை என்ன செய்கிறாள் என்பதைத்தான் கவனித்தேன். அவளும் இறுதியாண்டுத் திட்டத்துக்கு அந்தச் சங்கத்தையே எடுத்தாள். நான் சொல்லி அல்ல. ஒரு வரி நிரல் எழுத முன்னம் மூன்று பின்னேரங்கள் அக்கா வீட்டுத் திண்ணையில் போய் இருந்தாள். அக்காவுக்கு இப்போது கண் சரியில்லை. அவள் கொப்பிகளை வாசிக்க, அக்கா கேட்டுக்கொண்டிருந்து இடையிடையே திருத்துவார். ஒவ்வொரு பக்கத்தையும் படம் பிடித்து வைத்திருக்கிறாள்.

“கரண்ட் போனா இது என்ன செய்யும் புள்ள?” அவளிடமும் அதே கேள்வி.

“வெள்ளிக்கிழமை தோறும் பட்டியல் தாளில வரும் அம்மம்மா. நீங்க வீட்டில வச்சிருங்க.”

முதல் அச்சை எடுத்துக்கொண்டு நானும் அவளோடு போனேன். யுனிகோட் என்பதால் வரிசை சரியாக இருந்தது. ‘அ’ முதலில். மருமகள் மேலிருந்து வாசிக்கத் தொடங்கினாள். முதற்பெயருக்கு நேரே திகதி ஒன்று மட்டும்: 26.12.2004. அப்படித் திகதி போட்ட பெயர்கள் கீழேயும் இருந்தன.

“இவங்கள எடுத்துவிடட்டா அம்மம்மா?”

அக்கா கையை நீட்டித் தாளை வாங்கி மடியில் வைத்தார். “எடுக்காத. அந்த ஆளுக்கு வலைக்காசு ரெண்டு தவணை மிச்சம் இருந்திச்சு. பொடியன் கட்டி முடிச்சவன். அதையும் போடு.”

அவள் லப்டொப்பைத் திறந்து அந்தப் பெயருக்குக் கீழே ஒரு வரி சேர்த்தாள்.