எஞ்சிய எல்போ: கடலூர், சிதம்பரம் வட்டார முற்றச் சிற்பங்கள் குறித்து ஓர் ஆய்வு

தோட்டக்கலை என்றதும் வேளாண்துறையினர் மாங்கன்றைத் தூக்கிக்கொண்டு வந்துவிடக்கூடும். இவ்வாய்வுக்கும் அவர்களுக்கும் சம்பந்தமில்லை. பிவிசி பைப், கட்டுக்கம்பி, காலிப் பெயின்ட் வாளி, வாஷர் முதலியவற்றைக் கொண்டு வீட்டு முற்றத்தில் மனிதன், மயில், தவளை ஆகியவற்றைப் படைக்கும் செயலே இங்கு ஆராயப்படுகிறது.

இக்கலையின் தோற்றுவாய் அழகுணர்ச்சி என்பது பிழை. அது இரண்டு வாக்கியங்களுக்கு நடுவே பிறக்கிறது. முதலாவது, பிளம்பர் சொல்வது: "எதுக்கும் ரெண்டு எல்போ சேர்த்தே வாங்கிடுங்க சார்." இரண்டாவது, ஹார்டுவேர்ஸ் கடைப் பலகையில் இருப்பது: "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது." வேலை முடிந்தபின் மாடிப்படியின் கீழ் அந்த இரண்டு எல்போக்களும் ஆறு மாதம் கிடக்கும். ஏழாவது மாதம் அவை முழங்கால்போலத் தெரியத் தொடங்கும்.

வன்பொருளும் கலையும் சேர்ந்ததற்கான தொல்சான்று சிதம்பரத்தில் இருக்கிறது. நடராசர் கோயில் பொன்னம்பலக் கூரையில் 21,600 பொன்னோடுகள், 72,000 ஆணிகள் என்பது ஐதீகம். ஓடுகள் ஒரு நாளில் மனிதன் விடும் மூச்சையும், ஆணிகள் உடலின் நாடிகளையும் குறிப்பன என்பர். நிமிடத்துக்கு 15 மூச்சு என்று வைத்தால் கணக்கு சரியாகவே வருகிறது. ஆணியைத்தான் வகுக்க முடியவில்லை: ஓட்டுக்கு மூன்று ஆணி, மேற்கொண்டு மூன்றில் ஒரு பங்கு. தத்துவத்தில் தீர்ந்துபோன இந்தச் சிக்கல் தச்சுவேலையில் இன்னும் தீரவில்லை.

கடலூரின் சிக்கல் வேறு. தேவனாம்பட்டினம் பக்கமிருந்து வரும் காற்றில் உப்பு உண்டு. உப்பு படிந்த ஈரம் இரும்பை வேகமாகத் தின்னும். ஜிஐ கம்பியில் துத்தநாகப் பூச்சு முதலில் தன்னை அரிக்கக் கொடுத்து உள்ளே இருக்கும் இரும்பைக் காப்பாற்றும். ஆனால் அந்தத் தியாகத்துக்கும் ஓர் எல்லை உண்டு. இங்கே இரும்பு மயில் செய்பவர் உப்புத்தாள் தேய்த்து, ரெட் ஆக்சைடு அடித்து, அதன்மேல் எனாமல் பூசினாலொழிய, அது தோகை விரிக்குமுன் துருப்பிடிக்கும். கடலூர்வாசிகள் பிவிசியை நாட வேண்டியிருப்பதற்குக் காரணம் இதுவே என ஆய்வாளர் துணிகிறார்.

ஆய்வாளர் மஞ்சக்குப்பம் வாடகை வீட்டில் செய்த பைப் மனிதனுக்குத் தோள் நாலுவழி கிராஸ், இடுப்பு ஒரு டீ, தலை 2 இஞ்ச் எண்ட் கேப், கண்கள் வாஷர். கண்ணைப் பிடிக்க போல்ட் கேட்டபோது, "ரெண்டு நூலா, மூணு நூலா?" என்றான் கடைப்பையன். துணிக்கடைக்குள் வந்துவிட்டோமோ என ஆய்வாளர் திகைத்தார். 8 நூல் ஓர் இஞ்ச் என்பதைக் கல்லாவில் இருந்தவர் பொறுமையாக விளக்கினார்.

இடது காலைத் தூக்கிய நிலைதான் படுத்தியது. 90 பாகை எல்போ போட்டால் பந்தியில் இடம்பிடித்தவன் மாதிரி இருக்கிறது. 45 போட்டால்தான் உடம்பில் சற்று நெளிவு வருகிறது. சிதம்பரம் கோபுர வாயில்களில் 108 நடனக் கரணங்களைக் கல்லில் வடித்திருக்கிறார்கள். கடையில் சாதாரணமாகக் கிடைப்பதோ இந்த இரண்டு கோணம்தான்.

"இது குழாயா சார், சாமியா?" என்றார் வீட்டுக்காரர். சண்டிகரில் சாலை ஆய்வாளராக இருந்த நேக் சந்த், உடைந்த வளையல், பீங்கான், கட்டடக் கழிவுகளைக் கொண்டு 1950களின் இறுதியிலிருந்து அரசு நிலத்தில் ரகசியமாகச் சிலைகள் செய்துவந்தார். கண்டுபிடித்தவர்கள் இடிக்கவில்லை, 1976இல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். 1984இல் பத்மஸ்ரீயும் கொடுத்தார்கள். இந்த முன்னுதாரணம் எடுத்துரைக்கப்பட்டது. வீட்டுக்காரர் அட்வான்ஸைப் பற்றிப் பேசினார்.

ஒட்டும் முறை பற்றி ஒரு குறிப்பு. சொல்யூஷன் தடவினால் மூட்டு நிலைத்துவிடும். பிறகு பைப்பை அறுத்தால்தான் உண்டு. ஆனால் 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் இம்மாவட்டத்தின் பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்தது. எனவே புயல் எச்சரிக்கை வந்ததும் சிற்பத்தைக் கழற்றிக் கட்டிலுக்கடியில் வைக்கத் தோதாக, சொல்யூஷன் இல்லாமல் வெறுமனே செருகுவதே அறிவுடைமை என ஆய்வாளர் முடிவுசெய்தார்.

போன மாதம் அடுப்படிக் குழாய் கசிந்தது. பழைய பிளம்பரே வந்தார். பார்த்துவிட்டு, "முக்கால் இஞ்ச்சுல ஒரு 45 எல்போ வேணுமே சார்" என்றார். ஆய்வாளர் சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்புவதற்குள், பிளம்பர் முற்றத்தை எட்டிப்பார்த்து, பைப் மனிதனின் தூக்கிய காலை முழங்காலோடு உருவிக்கொண்டு உள்ளே போனார்.