ஆனை விலை, குதிரை விலை

ராஜபாளையத்திலிருந்து தென்காசிக்குப் போகிற ரோட்டில் ஊருக்கு ஒரு கார் நிபுணர் இருப்பார். தேவதானத்துக்காரர் டிவிஎஸ் எக்ஸ்எல்லில் புண்ணாக்கு மூட்டையோடு வருவார். டீக்கடை வாசலில் ஸ்டாண்டு போடுவார். கிளாஸ் கைக்கு வருமுன்னே லம்போர்கினியைக் குறை சொல்ல ஆரம்பித்துவிடுவார்.

பேர் வேண்டாம், 'ஹார்ஸ்பவர் அண்ணே' என்றாலே ஊருக்குத் தெரியும். கொஞ்சம் தென்னை, கொஞ்சம் மா. தேங்காய் என்ன விலைக்குப் போகிறது என்று கேட்டால் "விசாரிக்கணும்" என்பார். பெராரி என்ன விலை என்று கேட்டுப் பாருங்கள்: ஷோரூம் விலை தனியாக, வரியெல்லாம் சேர்த்து ரோட்டுக்கு வரும் விலை தனியாக வரும்.

மற்ற ஊர்க்காரர்கள் வேகத்தைப் பேசுவார்கள். நம்மவர் சம்சாரி, அவருக்கு எல்லாம் விலைக்கணக்குதான்.

"மாப்ள, வேகத்தை விடு. ஒரு குதிரை எம்புட்டுக்கு விழுதுன்னு பாரு. லம்போர்கினி ரெவுயெல்டோ 2023 டிசம்பர்ல இங்க வந்தப்ப 8 கோடியே 89 லட்சம். 1015 குதிரை. வகுத்தா ஒரு குதிரை 87,000 ரூவாய்க்கு மேல. பெராரி 296 ஜிடிபி 2022ல வந்தப்ப 5 கோடியே 40 லட்சம், 830 குதிரை. ஒண்ணு 65,000. நிசான்காரன் 2016ல ஜிடிஆரை 1 கோடியே 99 லட்சத்துக்குக் குடுத்தான். 570 குதிரை. ஒரு குதிரை 35,000-க்குள்ள முடிஞ்சிருது. அவன் யாவாரி! அந்த வண்டியைப் போயி 2025 ஆகஸ்டோட நிப்பாட்டிட்டானுவ."

கடைசி வாக்கியத்தில் குரல் லேசாகக் கம்மும். ஜிடிஆரை அவர் நேரில் பார்த்ததில்லை.

"அப்ப நம்ம எக்ஸ்எல்லுண்ணே?" என்று எவனாவது கேட்பான். அதற்குத்தானே காத்திருந்தார். "4.3 குதிரை. நான் வாங்குனப்ப 12,000 சொச்சம் வந்துச்சு ஒண்ணு. இவனுவ எவனாலயும் இந்த விலைக்குக் குடுக்க முடியாது." ரெவுயெல்டோ 2.5 விநாடியில் நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொடுமே, எக்ஸ்எல் எப்போது தொடும் என்று மடக்கினால், "அது தொடாது. நான் வேணா நூறைத் தொடுவேன்" என்று டீயை உறிஞ்சுவார்.

புகாட்டி வேரான் பற்றிப் பேச்செடுத்தால் அவருக்கு வயிறெரியும். 2005-இல் வந்த வண்டி, 1001 குதிரை, மணிக்கு 407 கிலோமீட்டர். முழு வேகத்தில் விரட்டினால் 100 லிட்டர் டாங்கு ஏறக்குறைய 12 நிமிடத்தில் காலி. "இங்கருந்து கிளம்புனா மதுரை போய்ச் சேராது. திருமங்கலத்துப் பக்கம் நின்னுரும். அப்புறம் யாரு தள்ளுறது?" கணக்கைப் போட்டுப் பார்த்தேன். 80 கிலோமீட்டர் சொச்சம் வருகிறது. திருமங்கலமேதான்.

லம்போர்கினி மேல் மட்டும் ஒரு சொந்தபந்த வாஞ்சை உண்டு. பெருச்சியோ லம்போர்கினி முதலில் டிராக்டர் செய்தவர். தன் பெராரியின் கிளட்ச் சரியில்லை என்று என்சோ பெராரியிடமே போய்ச் சொல்ல, டிராக்டர்காரனுக்குக் காரைப் பற்றி என்ன தெரியும் என்று அவர் எடுத்தெறிந்து பேசியதாகக் கதை. 1963-இல் இவரே கார் கம்பெனி தொடங்கினார். சின்னம் காளை. "பாத்தியா, சம்சாரி ரோசம்!" என்று பெஞ்சைத் தட்டுவார் அண்ணன். அந்த டிராக்டர் பிராண்டை இப்போது வைத்திருக்கும் இத்தாலியக் குழுமத்துக்கு நம் ராணிப்பேட்டையில் தொழிற்சாலை இருப்பதை ஒருநாள் சொன்னேன். தெரியும் என்பதுபோலத் தலையை ஆட்டினார். மறுநாள் எனக்கே அதை விளக்கினார்.

2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் நடிகர் அஜித்தின் அணி தன் பிரிவில் மூன்றாவது வந்ததிலிருந்து அண்ணனுக்கு மவுசு கூடிவிட்டது. பள்ளிக்கூடப் பையன்கள் அந்த அணி ஓட்டிய போர்ஷே 911 பற்றிச் சந்தேகம் கேட்டு வருகிறார்கள். சும்மா சொல்லக்கூடாது, பொறுமையாகச் சொல்லித் தருகிறார். அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது என்பதைப் பையன்களிடம் யாரும் சொல்வதில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை என்பேன். வாங்கியவனுக்கு அவன் வண்டி ஒன்றுதான் தெரியும். அதையும் குறை சொல்ல மனசு வராது.

இத்தனை வண்டிக்கும் அவர் வைத்திருக்கும் பரீட்சை டீக்கடைக்கு எதிரே இருக்கும் வேகத்தடை. ஒருநாள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, நடுரோட்டில் குத்தவைத்து, கையால் சாண் போட்டு அளந்தார். பின்னால் வந்த மினிபஸ் ஆரன் அடித்துத் தீர்த்தது. "அரைச் சாண், அதுக்கு மேல ரெண்டு விரக்கடை. எல்லா ஸ்போர்ட்ஸ் காரும் தரையிலருந்து அரைச் சாண் உசரம்தான். ஒருத்தனும் தேறல. எல்லாப் பயலும் பெயிலு."

போன குற்றால சீசனில் மஞ்சள் நிறத்தில் நிஜமாகவே ஒரு போர்ஷே 911 வந்தது. டீக்கடை மொத்தமும் எழுந்து நின்றது, மாஸ்டர் உட்பட. வண்டி வேகத்தடையருகே நின்று, மூக்கைக் கொஞ்சம் தூக்கி, சாய்வாக ஏறி, எங்கும் உரசாமல் இறங்கிப் போய்விட்டது. எல்லோரும் அண்ணனைத் திரும்பிப் பார்த்தோம். அவர் பெஞ்சை விட்டு எழவே இல்லை.

"பின் சக்கரத்துக்கு முன்னால காத்துப் போற ஓட்டை இல்ல, கவனிச்சியா? டர்போ இல்ல மாப்ள. வெறும் கரேரா." கிளாசைக் கவிழ்த்து வைத்தார். "பாவம், கையில காசு பத்தல போல."