முடிச்சு அண்ணன்

போர்டிக்சன் பக்கம் லிங்கி ஆற்றங்கரையிலோ லுக்குட் அலையாத்திக் காட்டோரமோ ஞாயிற்றுக்கிழமை காலையில் பத்துப் பேர் தூண்டிலோடு நின்றால், அதில் ஒருவர் முடிச்சு அண்ணன். மற்றவர்கள் தண்ணீரைப் பார்ப்பார்கள். அவர் மற்றவர்களின் ரீலைப் பார்ப்பார்.

அவருடைய அப்பா தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். அண்ணனுக்கு சிரம்பானில் தொழிற்சாலை வேலை. சம்பளம் போட்ட மறுநாள் தூண்டில் கடையில்தான் இருப்பார்.

"தம்பி, பிசி பெயிட்காஸ்டர் ரீலா? என்னா நூலு?"

"பத்து பவுண்டு பிரெய்டுண்ணே."

அண்ணன் முகத்தில் இழவு வீட்டுக் களை வந்துவிடும்.

"மெலிசுடா! சியாக்காப் மீன் ஒரு இழுப்பு இழுத்தா மேல்சுத்து கீழ்சுத்துக்குள்ள புதைஞ்சுக்கும். அடுத்த வீச்சுல நூலு பாதியில நிக்கும். உன் பொம்மை மீன் மட்டும் அத்துக்கிட்டு சுமத்ராவுக்குப் போய்டும். பிசிக்கு முப்பதுக்குக் கீழ போகாதே. முப்பது பவுண்டு பிரெய்டே எட்டு பவுண்டு நைலான் கனம்தான் இருக்கும்."

தம்பி தலையாட்டுவான். அங்கேதான் மாட்டிக்கொள்வான்.

"அடியில நைலான் சுத்துனியா? பிரெய்டை நேரா ஸ்பூல்ல சுத்துனா மொத்தமா வழுக்கிச் சுத்தும். மீன் இழுக்கும்போது நீ டிராக்கைக் குறை சொல்லிக்கிட்டு நிப்பே."

அடுத்தது பிரெய்டுப் பின்னலில் எத்தனை இழை என்ற பிரச்சினை. இதில் அண்ணன் இடம் பார்த்துத் தீர்ப்புச் சொல்வார். சிப்பி ஒட்டிய வேரோரம் வீசினால் நாலு இழை, உரசலைத் தாங்கும். தெலுக் கெமாங் பக்கம் திறந்த கடலில் வீசினால் எட்டு இழை. வழவழவென்று சத்தமில்லாமல் வளையத்தில் ஓடும், தூரமும் போகும்.

தீர்ப்போடு விடுவாரா? பிரெய்டு நுனியில் ஒரு மீட்டர் புளோரோகார்பன் நூல் கட்டாமல் வீசுபவனை அவரால் சகிக்க முடியாது. தம்பியின் கையிலிருந்து தூண்டிலைப் பிடுங்கி இரண்டு நூலையும் இணைக்கும் எஃப்ஜி முடிச்சு போட உட்காருவார். இந்தப் பக்கம் ஒரு மடிப்பு, அந்தப் பக்கம் ஒரு மடிப்பு என்று இருபது மடிப்பு பின்னி, எச்சில் தொட்டு இறுக்கி, மிச்ச நுனியை நகவெட்டியால் நறுக்குவார். காற்றடித்துப் பின்னல் குலைந்தால் முதலிலிருந்து. அதற்குள் ஏறிய தண்ணீர் இறங்கத் தொடங்கியிருக்கும்.

சங்கடம் என்னவென்றால், அவர் சொல்வதில் ஒன்றுகூடத் தப்பில்லை. அவர் கட்டிய முடிச்சு அறுந்ததாக யாரும் புகார் சொன்னதில்லை. அதனால் ரீலில் சிக்கு விழுந்தவனெல்லாம் "அண்ணே!" என்று அவரிடம்தான் ஓடுகிறான். ஒரு சிக்கைப் பிரித்து முடிப்பதற்குள் அடுத்த சிக்கு வந்து நிற்கும். அண்ணனுடைய ரீல் மட்டும் கடையில் வாங்கிய பளபளப்போடு, நூல் நனையாமல், மரத்தில் சாய்ந்திருக்கும்.

"நீங்க எத்தனை மீன் பிடிச்சீங்கண்ணே?" என்று கேட்டுவிடாதீர்கள். கூச்சமில்லாமல் கணக்குச் சொல்வார். கரையில் ஏறிய மீனெல்லாம் அவர் போட்ட முடிச்சில் ஏறியது. தப்பிப் போனதெல்லாம் அவர் பேச்சைக் கேட்காதவன் நூலிலிருந்து தப்பியது. இந்தக் கணக்குப்படி போர்டிக்சனில் அவரைவிட அதிகம் மீன் பிடித்தவர் யாரும் இல்லை.