மாயப் பட்டை கட்டிக்கொள்ளும் முறை

புளோரிடாவில் இருக்கும் வால்ட் டிஸ்னி வேர்ல்டுக்குக் கிளம்பிவிட்டீர்களா? முதலில் மணிக்கட்டைத் தயார் செய்யுங்கள். 2013இல் வந்த மேஜிக்பேண்டை அதில்தான் மாட்ட வேண்டும். நுழைவுச்சீட்டு, ஓட்டல் அறைச் சாவி, பர்ஸ் மூன்றும் அந்த ரப்பர் பட்டைதான். இந்த ஏற்பாட்டுக்கு டிஸ்னி சுமார் 100 கோடி டாலர் கொட்டியதாகச் செய்தி வந்தது. அதை எப்படித் திரும்ப எடுப்பார்கள் என்று நீங்கள் கவலைப்பட வேண்டாம். போய்ச் சேருங்கள், போதும்.

வாசலில் மிக்கியின் தலை பதித்த கம்பம் நிற்கும். பட்டையில் இருக்கும் மிக்கியை அந்த மிக்கியோடு ஒட்டவைத்து, கேட்டால் விரலையும் வையுங்கள். பச்சை வெளிச்சம் சுற்றினால் உள்ளே போகலாம். நீலம் வந்தால் ஏதோ சிக்கல். (காசு கொடுத்து வந்தவரைச் சிவப்பு விளக்கு போட்டு மிரட்டலாமா?) ஊழியர் சிரித்த முகத்தோடு வருவார். நீங்களும் பின்னால் நிற்கும் வரிசையைப் பார்த்துச் சிரித்து வையுங்கள். பதில் சிரிப்பை எதிர்பார்க்காதீர்கள்.

கடையில் பட்டையைத் தொட்டு, நான்கு இலக்க ரகசிய எண்ணை அழுத்தினால் தொகை அறைக் கணக்கில் ஏறிவிடும். நோட்டை எண்ணிக் கொடுக்கும்போது வரும் வயிற்றெரிச்சல் துளியும் இராது. அது அறையைக் காலி செய்யும் அன்று மொத்தமாக வரும். பிள்ளையின் பட்டையில் செலவு வசதியை நிறுத்திவைக்கலாம்தான். தாத்தாவின் பட்டையில் நிறுத்த மறந்தீர்களோ, பேரனுக்குத் திடீரென்று தாத்தா மேல் பாசம் பொங்கி, அவர் கையைப் பிடித்துக்கொண்டே பொம்மைக் கடைப்பக்கம் நடப்பான்.

உளவு பார்க்கிறார்களோ என்ற சந்தேகமா? பட்டைக்குள் கிட்டத்தில் படிக்கும் சில்லோடு, தூரத்திலிருந்தே படிக்கத் தோதாக ஒரு குட்டி ரேடியோவும் உண்டு. அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் அப்போது இருந்த எட் மார்க்கி, குழந்தைகளின் விவரங்கள் என்னாகும் என்று கேட்டு 2013இலேயே டிஸ்னிக்குக் கடிதம் எழுதினார். நீங்கள் மூச்சு விடாதீர்கள். 'இட்ஸ் எ ஸ்மால் வேர்ல்ட்' படகுச் சவாரி முடியும் இடத்தில் பட்டையைப் படித்து, திரையில் உங்கள் பெயர் போட்டு வழியனுப்பும் வழக்கம் உண்டு. "அப்பா, என் பேரு!" என்று மகள் குதிக்கும் நேரத்தில் அந்தரங்கம், தரவு என்று ஆரம்பித்தால் வீட்டில் நீங்கள்தான் வில்லன்.

2020 முடியும் வரை டிஸ்னி ஓட்டலில் தங்குபவர்களுக்குப் பட்டை இலவசம், இப்போது காசு. 2022இல் வந்த மேஜிக்பேண்ட் பிளஸ் மின்னும், அதிரும், இரவு வாணவேடிக்கைக்குத் தோதாக நிறம் மாறும். அதற்கு சார்ஜ் போட வேண்டும். அறையில் இருக்கும் பிளக்குகளை முதல் நாளே குடும்பத்துக்குள் பாகம் பிரித்துக்கொள்ளுங்கள். போட மறந்தாலும் பதற வேண்டாம். மின்னுவதும் அதிர்வதும்தான் நிற்கும். பில் ஏறுவது நிற்காது.