மாட்டுங்கா கீரையும் அயர்லாந்து மசியலும்

கேள்வி: உருளைக்கிழங்கும் கீரையும் சேர்த்து அயர்லாந்தில் செய்யும் 'கோல்கானன்' மசியல் நம் மும்பை அடுப்பில் சரிப்பட்டு வருமா? (வாசகி, செம்பூர்)

பதில்: பாவ்பாஜிக்காகத் தினமும் உருளைக்கிழங்கை மசித்துத் தள்ளும் ஊரில் இந்தச் சந்தேகமா! அந்நியப் பண்டம் என்பீர்கள். உருளைக்கிழங்கு ஆண்டிஸ் மலையில் பிறந்தது. அயர்லாந்துக்கும் அது வந்தேறிதான், நமக்கும் வந்தேறிதான். அவர்கள் அதையே முழுக்க நம்பியதால்தான் 1845-இல் கருகல் நோய் தாக்கியதும் பெரும் பஞ்சம் மூண்டது. நாம் நல்லவேளையாகச் சோற்றைக் கைவிடவில்லை. 'அந்த மசியலில் போடும் கேல் கீரைக்கு எங்கே போவது?' என்றால், அங்கேயே பலர் முட்டைக்கோஸ்தான் போடுகிறார்கள். மாட்டுங்கா மார்க்கெட் முளைக்கீரையும் போதும். வேகவைத்து நீரை ஒட்டப் பிழியாவிட்டால் மட்டும் மசியல் கூழாகிவிடும். 'மிக்ஸியில் அடித்தால் சுலபமாயிற்றே?' அங்கேதான் ஆபத்து. பிளேடு கிழங்கின் செல்களைக் கிழித்து மாவுச்சத்தை வெளியே விட்டுவிடும். கிடைப்பது போஸ்டர் ஒட்டும் பசை. ஆகவே மாவாக வேகும் பழைய கிழங்கைச் சூட்டோடு மத்தால் மசித்து, சுடுபால், கீரை, வெங்காயத்தாள், உப்பு, மிளகு சேர்த்து, நடுவில் குழித்து வெண்ணெயைத் தாராளமாக விடுங்கள். காரம் போதவில்லை என்று மாமியார் முறைத்தால் கடுகும் மிளகாயும் தாளித்துக் கொட்டுங்கள். அயர்லாந்துத் தூதரகம் வழக்குப் போடாது.