நியூட்டனுக்கு மட்டும் எப்படி?

கேள்வி: பிளேக் காலத்தில் வீட்டிலிருந்தே சாதித்தாரே நியூட்டன்! பல்கலைக்கழக ஆசிரியர்களும் வீட்டிலிருந்தே வேலை பார்த்தால் என்ன?

பதில்: 1665-ல் கேம்பிரிட்ஜ் மூடியதும் ஊருக்குப் போனவர் அப்போதுதான் பட்டம் வாங்கிய பிள்ளை. பேராசிரியர் ஆனது 1669-ல். கல்யாணமும் கிடையாது, 'சார், வாய்ஸ் கட் ஆகுது' என்று சொல்ல மாணவரும் கிடையாது.

குழந்தை குட்டிக்காரர் கதை வேறு. 2017-ல் தென்கொரியாவின் பூசானில் பேராசிரியர் ராபர்ட் கெல்லி வீட்டிலிருந்து பிபிசிக்கு நேரலையில் அரசியல் பேசிக்கொண்டிருந்தார். மகள் ஆடிக்கொண்டே உள்ளே வந்தாள்; பின்னாலேயே நடைவண்டியில் கைக்குழந்தை; அதன் பின்னால் பதறியடித்து மனைவி. உலகமே சிரித்தது. அவர் பேசிய அரசியல் யாருக்கு நினைவிருக்கிறது?

கொரோனா வந்ததும் அது வீட்டுக்கு வீடு நடந்தது. 2020 ஏப்ரலில் அமெரிக்க, ஐரோப்பிய ஆய்வாளர்கள் சுமார் 4,500 பேரிடம் விசாரித்தார்கள். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தை உள்ளவர்களுக்குத்தான் ஆராய்ச்சி நேரம் அதிகம் பறிபோயிருந்தது. ஆண்களைவிடப் பெண்களுக்கு அடி பலம்.

விடைத்தாள் திருத்த, கட்டுரை எழுத வீடு தோது. வேதியியல் செய்முறைக்கு அடுப்படி ஆகுமா?

வகுப்பில் கரும்பலகைக்கும் கடைசி பெஞ்சுக்கும் நடந்தவர், திரைக்கு முன் ஆணியடித்தாற்போல் உட்கார வேண்டும். அந்த அசைவின்மையும், நாள் முழுக்கத் தன் முகத்தையே பார்ப்பதும் அலுப்புக்குக் காரணங்கள் என்று 2021-ல் எழுதினார் ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் ஜெரமி பெய்லன்சன். திரையில் தன் முகத்தை மறைத்துக்கொள்ளலாம் என்பது அவர் யோசனை. மாணவர்கள் ஒரு படி மேலே போய் கேமராவையே அணைத்துவிட்டார்கள்.